பொத்தோசி பயணம்: உயரம், சுரங்கம் குறித்து ஆலோசனை தேவை

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஆகஸ்ட் மாதம் என் கணவரும் நானும் சாவோ பாவ்லோவில் பணிபுரியும் மகளிடம் செல்கிறோம். அங்கிருந்து மூவருமாகப் பொலிவியாவுக்குப் போய், பொத்தோசி நகரைப் பார்த்துவிட்டு உயூனி உப்புவெளிக்குச் செல்வது எங்கள் திட்டம். பள்ளியில் வரலாறு கற்பித்த காலத்தில், 16, 17ஆம் நூற்றாண்டுகளில் உலகச் சந்தையில் புழங்கிய வெள்ளி எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்டால், வரைபடத்தில் நான் விரல் வைத்துக் காட்டிய இடம் இதுதான். ஆகவே உப்புவெளியைவிட இந்த நகரமே எனக்கு முக்கியம்.

முதல் கவலை உயரம். நகரமே 4,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. என் கணவருக்கு 63 வயது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார், அது கட்டுக்குள் இருக்கிறது. விமானத்தில் நேராக லா பாஸ் சென்று, அன்றிரவே பேருந்தில் பொத்தோசிக்குப் போய்விடலாம் என்கிறாள் மகள். அது சரியா?

இரண்டாவது, செர்ரோ ரிக்கோ மலையின் சுரங்கங்களுக்குள் பயணிகளை அழைத்துச் செல்கிறார்களாம். மகளுக்கு உள்ளே போக ஆசை. எனக்கோ, மூச்சுத் திணறும் இடத்தில் உயிரைப் பணயம் வைத்து உழைப்பவர்களைக் கட்டணம் கொடுத்து வேடிக்கை பார்ப்பதா என்று மனம் ஒப்பவில்லை. சுரங்கத்துக்குள் போகாமலே அந்த ஊரைப் பார்த்த நிறைவு கிடைக்குமா? எத்தனை நாள் ஒதுக்கலாம்? நாங்கள் சைவ உணவுக்காரர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

---

குளிர்மலை எழுதியது:

அம்மா, வணக்கம். மருத்துவன் என்ற முறையிலும், மலைப்பயணக் குழுக்களுடன் சென்று பழகியவன் என்ற முறையிலும், உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மகள் சொல்லும் வழியைக் கைவிடுங்கள்.

லா பாஸுக்கான விமான நிலையம் எல் ஆல்ட்டோவில் இருக்கிறது. அதன் உயரமே ஏறத்தாழ 4,060 மீட்டர். சாவோ பாவ்லோவின் உயரம் 800 மீட்டருக்குள்தான். அங்கிருந்து சில மணி நேரத்தில் இவ்வளவு உயரத்தில் இறங்கி, அன்றிரவே பேருந்தில் குலுங்கிக்கொண்டு, தாழ்வான இடத்துக்கு இறங்காமலேயே மீண்டும் 4,000 மீட்டருக்கு மேலான இன்னொரு ஊரில் போய்ப் படுப்பது இருபது வயதுப் பிள்ளைகளையும் தலைவலியிலும் வாந்தியிலும் தள்ளிவிடும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. காற்றில் பிராணவாயுவின் விகிதம் மாறுவதில்லை. ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு குறைந்துவிடுகிறது. இதற்கு உடல் தன்னைப் பழக்கிக்கொள்ளச் சில நாள்கள் வேண்டும், அந்த நாள்களுக்கு மாற்று எதுவும் கிடையாது.

சாவோ பாவ்லோவிலிருந்து சாந்தா குரூஸ் சென்று, அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் சூக்ரே நகருக்குப் போங்கள். சாந்தா குரூஸ் தாழ்நிலம். சூக்ரே ஏறத்தாழ 2,800 மீட்டர். சூக்ரேயில் குறைந்தது மூன்று இரவுகள் தங்குங்கள். அதுவும் உலகப் பாரம்பரிய நகரம்தான். வெள்ளைச் சுவர்களும் நல்ல வெயிலுமாக இருக்கும், பொழுது வீணாகாது. அங்கிருந்து பொத்தோசி 160 கிலோமீட்டருக்குள். தார்ச்சாலையில் மூன்று மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாக ஆகும். பேருந்தும் உண்டு, ஷேர் டாக்ஸியும் உண்டு. இப்படிச் சென்றாலும் ஒரே நாளில் 1,200 மீட்டருக்கு மேல் ஏறுகிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விதி. இந்தப் பாதையில் அதைக் கடைப்பிடிக்க வழியில்லை. ஆகவே உயர நோயைத் தடுக்க உதவும் அசிடசோலமைடு மாத்திரையைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கட்டாயம் பேசுங்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம் வீதம் நாளைக்கு இருமுறை, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவது நடைமுறை. சல்பா மருந்துகள் ஒவ்வாதவர்களுக்கு இது ஒத்துவராமல் போகலாம்; உங்கள் கணவர் எடுக்கும் இரத்த அழுத்த மாத்திரையில் சிறுநீர் பெருக்கி இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கோக்கா இலைத் தேநீரை எல்லா விடுதிகளிலும் கொடுப்பார்கள். இதமாக இருக்கும், குடியுங்கள். ஆனால் அதை உயர நோய்க்கான மருந்தாக நம்பி, மோசமாகும் தலைவலியைப் பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள். இலையையோ தேநீர்ப் பையையோ ஊருக்கு எடுத்து வரவும் கூடாது. பொலிவியாவில் சட்டப்படி விற்கும் பொருள் இந்தியச் சுங்கத்தில் போதைப்பொருள் வழக்காகிவிடும். படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்குவது, இருமல் அடங்காதிருப்பது, நடை தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் சூக்ரேக்கே இறங்கிவிட வேண்டும்.

இன்னொன்று: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பிரேசிலும் பொலிவியாவும் மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் இருப்பதால், சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் உங்களைத் தனிமைப்படுத்தி வைப்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு இந்த ஊசியால் வரக்கூடிய பக்கவிளைவின் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதால், அங்குள்ள மருத்துவரிடம் உடல்நிலையை முழுமையாகச் சொல்லிவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

---

தங்கவயல் எழுதியது:

கோலார் தங்கவயலில் மூன்று தலைமுறை நிலத்தடியில் உழைத்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவன் நான். சுரங்கப் பொறியியலும் படித்தவன். அந்தக் கண்ணோடுதான் செர்ரோ ரிக்கோவுக்குள் போனேன். அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்குச் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அது காட்சிக்காக வைக்கப்பட்டிருக்கும் பழைய சுரங்கம் அன்று. 1545 முதல் தோண்டப்பட்டு இன்றும் பல ஆயிரம் பேர் வேலை செய்யும் மலை. வெள்ளி வளம் குறைந்த பின்னர் வெள்ளீயம் அந்த ஊரைக் காப்பாற்றியது; 1952 புரட்சிக்குப் பிறகு பெரிய சுரங்கங்கள் அரசுடைமையாகி கொமிபோல் என்ற நிறுவனத்தின் கீழ் வந்தன; 1985இல் வெள்ளீயத்தின் விலை சரிந்தபோது அந்த நிறுவனம் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை வேலையைவிட்டு அனுப்பியது. அதன் பின்னர் மலையின் பெரும்பகுதியில் வேலை செய்பவை கூட்டுறவுச் சங்கங்கள்தான். கூட்டுறவு என்ற பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம்: சங்கத்தின் பங்குதாரர்கள் ஒருபுறம், அவர்களிடம் நாள்கூலிக்கு வேலை செய்பவர்கள் மறுபுறம், நிலத்தடியில் இருவரும் ஒரே தூசியைத்தான் சுவாசிக்கிறார்கள். இப்போது எடுப்பது பெரும்பாலும் துத்தநாகம், ஈயம், வெள்ளி கலந்த தாது. சிலிகா தூசி நுரையீரலில் படிந்து வரும் நோய் அங்கே எல்லாக் குடும்பங்களுக்கும் தெரிந்தது. எங்கள் வயலிலும் அப்படித்தான் இருந்தது. அதைப் பற்றி இங்கு விரிக்கவில்லை.

சுற்றுலாவின் நடைமுறை இது. நகரத்தில் உள்ள முகவர்கள் மேலங்கி, ரப்பர் காலணி, தலைக்கவசம், விளக்கு கொடுத்து, முதலில் எல் கால்வாரியோ பகுதியில் உள்ள சுரங்கத் தொழிலாளர் சந்தைக்கு அழைத்துச் செல்வார்கள். கோக்கா இலை, சிகரெட், குளிர்பானம், 96 சதவீத எரிசாராயம், டைனமைட் குச்சி, திரி என எல்லாம் அங்கே யார் வேண்டுமானாலும் வாங்கும்படி தெருவில் விற்கும். பயணிகள் அவற்றில் சிலவற்றை வாங்கிச் சென்று உள்ளே இருப்பவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். பிறகு மலையடிவாரத்தில் ஏதேனும் ஒரு வாயில் வழியாக உள்ளே போவார்கள். வாயிலின் கல்மீது பலியிட்ட லாமாவின் இரத்தம் காய்ந்து கறுத்திருக்கும். உள்ளே சில இடங்களில் குனிந்தும், சில இடங்களில் தவழ்ந்தும் போக வேண்டும். வாயிலருகே உறைபனி, உள்ளே போகப் போக வியர்த்துக் கொட்டும் வெப்பம். தண்டவாளத்தில் கையால் தள்ளிவரும் தாது வண்டிகள் பிரேக் இல்லாமல் வரும். வழிகாட்டி கத்தியவுடன் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். பக்கக் குகை ஒன்றில் எல் தீயோ அமர்ந்திருப்பார்: கொம்பும் தாடியும் கொண்ட களிமண் உருவம், வாயில் சிகரெட், மடியில் கோக்கா இலை. மலைக்கு வெளியே தேவாலயத்துக்குச் செல்லும் அதே மனிதர்கள், உள்ளே தாதுக்கும் உயிருக்கும் அவரிடம்தான் வேண்டிக்கொள்கிறார்கள்.

இனி, போகலாமா என்பது. பாதுகாப்பு என்ற அளவில் என் தீர்ப்பு தெளிவானது: உங்கள் கணவர் போகக் கூடாது. காற்றோட்டம் என்று சொல்லத்தக்க ஏற்பாடு எதையும் நான் பார்க்கவில்லை. கார்பன் மோனாக்சைடும் ஆர்சனிக் கலந்த தூசியும் இருக்கும் இடத்தில், 4,200 மீட்டர் உயரத்தில், முறையான வரைபடமில்லாத வழிகளில் நுழைகிறீர்கள். மலையே உள்ளுக்குள் குடையப்பட்டு, அதன் உச்சி உட்குழிந்துகொண்டிருக்கிறது. அதற்காகத்தான் யுனெஸ்கோ 2014இல் பொத்தோசியை ஆபத்தில் உள்ள பாரம்பரிய இடங்களின் பட்டியலில் சேர்த்தது. உங்கள் மகள் இளையவர், உடல் நலம் உள்ளவர் என்றால் அவர் முடிவு அவருடையது.

அறம் என்ற அளவில் நான் உங்களோடு முழுவதும் உடன்படவில்லை. வழிகாட்டிகளில் பலர் அதே சுரங்கத்தில் வேலை செய்து, நுரையீரல் கெடும் முன்னர் வெளியே வந்தவர்கள். இந்தத் தொழிலும் இல்லையென்றால் அவர்கள் மீண்டும் உள்ளேதான் போக வேண்டும். என்னை உறுத்தியது பார்ப்பது அன்று, பார்க்கும் விதம். வேலை செய்பவரின் முகத்தில் விளக்கடித்துப் படம் எடுப்பதும், பயணிகளின் மகிழ்ச்சிக்காக வெளியில் டைனமைட் வெடித்துக் காட்டச் சொல்வதும் நடக்கின்றன. அவற்றைத் தவிர்க்கும் வழிகாட்டியைத் தேடுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன், அவர் எந்தச் சங்கத்தின் சுரங்கத்துக்கு அழைத்துச் செல்கிறார், கட்டணத்தில் அந்தச் சங்கத்துக்கு ஏதும் போகிறதா, குழுவில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லாதவரை விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலோர் வேலைக்கு வருவதில்லை. வண்டிகளின் இடைஞ்சலும் இருக்காது, யாரையும் வேடிக்கை பார்த்தோம் என்ற உறுத்தலும் இருக்காது.

---

நாணயப்பித்தன் எழுதியது:

தங்கவயல் ஐயா சுரங்கத்தைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் பொத்தோசி என்றாலே எல்லோரும் சுரங்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம். தாது மலையிலிருந்து வந்தது. அதைப் பணமாக்கியது நகரம். வரலாறு கற்பித்தவர் நீங்கள் என்பதால், உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் காசா தே லா மொனேதா என்ற பழைய நாணயச்சாலையில்தான் இருக்கிறது.

1570களில் தொடங்கிய முதல் நாணயச்சாலை போதாமல் போனதால் எழுப்பப்பட்டு 1773இல் நிறைவடைந்த கட்டடம் இது. கோட்டை போன்ற கனத்த சுவர்கள். உள்ளே வெள்ளிக் கட்டிகளைத் தகடாக அழுத்தும் பெரிய மரப் பற்சக்கர இயந்திரங்கள் நின்ற இடத்திலேயே இன்னும் இருக்கின்றன. மேல்தளத்தில் உருளைகள், கீழ்த்தளத்தில் அவற்றைச் சுற்றிய கோவேறு கழுதைகளின் வட்டப் பாதை. ஸ்பெயினிலிருந்து கடல் கடந்து கொண்டுவந்த அந்த மரச்சக்கரங்களை இந்த மலைமேல் எப்படி ஏற்றினார்கள் என்று நினைத்தாலே மலைப்பாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் நீராவி இயந்திரங்கள் வந்தன, அவற்றையும் பார்க்கலாம். 'மலைக் கன்னி' என்ற 18ஆம் நூற்றாண்டு ஓவியத்தைத் தவறவிடாதீர்கள். கன்னி மரியாளின் ஆடையே செர்ரோ ரிக்கோவாக வரையப்பட்டிருக்கும். அதன்மேல் லாமாக்களும் மனிதர்களும் ஏறிக்கொண்டிருப்பார்கள். ஓவியர் பெயர் தெரியாது. ஆந்திஸ் மக்களின் மலை வழிபாடும் கத்தோலிக்க நம்பிக்கையும் ஒரே உருவத்தில் இணைந்திருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படைப்பு எனக்குத் தெரிந்து வேறில்லை.

நாணயக் கூடத்தில் 1652க்கு முந்தையவற்றையும் பிந்தையவற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 1640களில் இங்கு அச்சான காசுகளில் வெள்ளியின் தூய்மை குறைந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டு, பெரும் விசாரணை நடந்து, கோமெஸ் தே லா ரோச்சா என்ற பெருவணிகருக்கு 1650இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. மக்களின் நம்பிக்கையை மீட்க வடிவத்தையே மாற்றி, இரண்டு தூண்களும் கடலலைகளும் கொண்ட புதிய முத்திரையை 1652இல் கொண்டுவந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நம் நாட்டுத் துணிகளுக்கு விலையாகக் கொண்டுவந்த வெள்ளியில் ஸ்பானிய எட்டு ரியால் காசுகளுக்கு முக்கிய இடம் இருந்தது என்பது நீங்கள் அறிந்ததே. அவை பிறந்த இடங்களில் ஒன்றில் நிற்கிறீர்கள் என்பது சிறிய செய்தி அன்று. வழிகாட்டியுடன் மட்டுமே உள்ளே விடுவார்கள். ஆங்கிலக் குழுவின் நேரத்தை முன்பே கேட்டு வையுங்கள். உள்ளே வெயில் நுழையாத அறைகள் என்பதால் வெளியைவிடக் குளிரும். திங்கட்கிழமை மூடியிருக்கும்.

வெளியே, சான் லொரென்சோ தேவாலயத்தின் வாயிற்சிற்பம் போதும், ஒரு காலைப் பொழுதுக்கு: சூரியனும் சந்திரனும் விண்மீன்களும், சராங்கோ என்ற சிறிய நரம்பிசைக் கருவியை மீட்டும் கடற்கன்னிகளுமாக, இந்தியச் சிற்றுளிக்காரர்கள்—அமெரிக்கப் பழங்குடியினரைச் சொல்கிறேன்—ஐரோப்பிய வடிவத்துக்குள் தங்கள் உலகைச் செதுக்கிவைத்திருக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோ மடத்தின் கூரைமேல் ஏற விடுவார்கள். ஓட்டுக்கூரைகளுக்கு அப்பால் செம்மண் நிறத்தில் மலை முழுதாகத் தெரியும். படிகள் உண்டு, நின்று நின்று ஏறுங்கள். சாந்தா தெரேசா மடத்தையும் பார்க்கலாம்.

நகருக்கு மேலே காரி காரி மலைகளில் பழைய நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. தாதுவை இடிக்கும் ஆலைகளை நீரால் ஓட்ட 1570களிலிருந்து கட்டப்பட்டவை. அவற்றில் சான் இல்தெஃபோன்சோ அணை 1626இல் உடைந்து நகரின் ஆலைகளையும் பெருந்தொகையான மக்களையும் அடித்துச் சென்றது. நடந்து போனால் நகரைவிட உயரம் கூடும். பழகிய பிறகு, அதுவும் மகள் மட்டும்.

சைவ உணவு கிடைக்கும், ஆனால் கேட்டு வாங்க வேண்டும். கீன்வா கஞ்சி, உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி, முட்டை எல்லாம் உண்டு. இறைச்சித் துண்டில்லாத சூப்பும் இறைச்சி வேகவைத்த நீரில் செய்ததாக இருக்கும் என்பதால் அதைத் தனியே விசாரியுங்கள். காலையில் ஊதா மக்காச்சோளத்தில் காய்ச்சிய ஆப்பி என்ற சூடான பானத்தோடு எண்ணெயில் பொரித்த புன்யுவேலோ என்ற மாவுப் பண்டம் கொடுப்பார்கள். அந்தக் குளிருக்கு அதைவிட நல்லது இல்லை.

---

காவிரிக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. லா பாஸ் வழியைக் கைவிட்டுவிட்டோம். சூக்ரே வழியாகவே செல்கிறோம். சுரங்கத்துக்கு மகள் மட்டும் ஞாயிற்றுக்கிழமை போவாள். தங்கவயல் ஐயாவிடம் இரண்டு கேள்விகள்: அன்பளிப்பாக எதைக் கொடுப்பது? இந்த மலையில் 80 லட்சம் பேர் இறந்தார்கள் என்று பல தளங்களில் எழுதியிருக்கிறார்களே, அது உண்மையா?

---

தங்கவயல் எழுதியது:

அன்பளிப்புக்குக் கோக்கா இலையும் குளிர்பானமும் போதும். இலையை மென்றுகொண்டே பல மணி நேரம் உணவில்லாமல் வேலை செய்கிறார்கள். தூசியில் சாப்பிட முடியாது. சாராயமும் வெடிமருந்தும் வேண்டாம். தூசி வடிகட்டும் நல்ல முகமூடிகளைச் சாவோ பாவ்லோவிலேயே வாங்கி எடுத்துச் சென்றால் நன்று, மகளுக்கும் ஒன்று. வெளியே, சுரங்க வாயில்களைக் காவல் காக்கும் பெண்களும், கழிவுக் குவியலில் தாதுத் துண்டுகளைப் பொறுக்கி எடுக்கும் பெண்களும் இருப்பார்கள். அவர்களில் பலர் சுரங்கத்தில் கணவரை இழந்தவர்கள். பயணிகள் அவர்களைக் கவனிக்காமல் கடந்துபோய்விடுகிறார்கள்.

80 லட்சம் என்ற எண்ணுக்கு ஆவணச் சான்று கிடையாது. வைசிராய் பிரான்சிஸ்கோ தே தொலேதோ 1570களில் ஒழுங்குபடுத்திய மீத்தா என்ற கட்டாய உழைப்பு முறையில், 16 மாகாணங்களிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 13,500 ஆண்கள் வர வேண்டும். ஒவ்வொரு வாரமும் அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் முறைவைத்து வேலையில் இருப்பார்கள். நடைமுறையில் குடும்பங்களும் கூடவே வந்தன, பலர் ஊர் திரும்பவில்லை, கிராமங்கள் காலியாயின. சுரங்கத்தில் இறந்தவர்களோடு, பெருவின் உவாங்காவெலிகாவிலிருந்து வந்த பாதரசத்தைத் தாதுவோடு கலந்து மிதித்த ஆலைத் தொழிலாளர்களையும், பாதரசம் எடுத்த சுரங்கங்களில் இறந்தவர்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். மொத்தக் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அந்த மாகாணங்களின் மக்கள்தொகையைப் பார்த்தால் 80 லட்சம் பொருந்தாது. 1812 வரை சட்டப்படி நீடித்த அந்தக் கொடுமையைச் சொல்ல ஊதிப்பெருக்கிய எண் தேவையில்லை.

---

குளிர்மலை எழுதியது:

தேதி முடிவு செய்யும் முன் ஒரு செய்தி, அம்மா. ஆகஸ்ட் 24 புனித பர்த்தலமேயு நாள். அதை ஒட்டிப் பொத்தோசியில் சுத்தீயோஸ் என்ற திருவிழா நடக்கும். 2023இல் யுனெஸ்கோவின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. நாள் முழுவதும் நடன ஊர்வலம், பார்க்க வேண்டியதுதான். ஆனால் விடுதி கிடைப்பது கடினம், தெருக்களில் நெரிசலும் இருக்கும். கணவருடன் அமைதியாகப் பார்க்க வேண்டுமானால் மாதத்தின் முதல் பாதி நல்லது. இரவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகும்; அறையில் சூடேற்றி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.

பொத்தோசியில் இரண்டு இரவுகள் போதும், மூன்று இருந்தால் நிதானமாகப் பார்க்கலாம். சனிக்கிழமை பகலில் வந்து ஓய்வெடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை மகள் சுரங்கத்துக்குப் போகும் நேரத்தில் நீங்கள் இருவரும் சான் லொரென்சோ பக்கம் மெல்ல நடந்துவிட்டு வாருங்கள். திங்கள் நாணயச்சாலை கிடையாது என்பதால் தேவாலயங்களுக்கும் மடங்களுக்கும் வைத்துக்கொண்டு, செவ்வாய் காலை நாணயச்சாலையைப் பார்த்தபின் பிற்பகலில் உயூனிக்குப் புறப்படலாம். ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். 2010இலும் 2015இலும் உள்ளூர்ப் போராட்டங்களால் சாலைகள் அடைக்கப்பட்டுப் பயணிகள் நாள்கணக்கில் நகரிலேயே சிக்கிக்கொண்டார்கள். ஆகவே திரும்பும் விமானத்துக்கு முன் ஓரிரு நாள் இடைவெளி விட்டு, கணவரின் மாத்திரைகளையும் ஒரு வாரத்துக்குக் கூடுதலாகக் கைப்பையிலேயே வைத்திருங்கள்.